நேராகத் தெரிந்த ஸ்டியரிங்

அத்தானின் லாரி என் பட்டறைக்குள் வந்து நின்றபோது அதன் ஸ்டியரிங் கோணலாக இருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்க, ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பி மட்டும் ஒரு முனையில் பத்து மணியையும் மறுமுனையில் நாலு மணியையும் காட்டிக்கொண்டிருந்தது. தொட்டு ஆட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம் மூன்று விரற்கடை, அந்தப் பக்கம் மூன்று விரற்கடை சும்மா ஆடியது. அதற்குப் பிறகுதான் கீழே சக்கரத்துக்குச் சேதி போனது. வண்டியைக் கொண்டுவந்த வாடகை டிரைவர் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, இதை ஓட்டியதற்கு மெடலே கொடுக்கலாம் என்கிற முகத்தோடு நடையைக் கட்டினார்.

அக்கா தன் ஜெராக்ஸ் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வண்டிக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். சாவியை என் கையில் வைத்தவள் லாரியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாலு மணிக்கு வண்டிய வாங்குறவர் வந்துடுவார். ஸ்டியரிங் நேரா தெரிஞ்சா போதும்டா தம்பி."

அரை மணி நேர வேலை என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். நான் சும்மா சொல்லவில்லை. லாரி ஸ்டியரிங் வேலையில் இந்த ஊரில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக இதே தகரக் கொட்டகை, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்ய இதே குழி. என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். 'மூணுபுள்ளி' என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். இரண்டு பாகங்களைப் பிரிப்பதற்கு முன்னால் இதில் மூன்று, அதில் மூன்று என்று எதிரெதிரே சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியால் புள்ளி குத்திவிடுவது என் வழக்கம். திரும்ப மாட்டும்போது புள்ளியும் புள்ளியும் பார்த்துக்கொண்டால் வேலை சுத்தம். மற்றவர்கள் சாக்பீஸால் கோடு போடுவார்கள். சாக்பீஸ் கோடு கிரீஸ் பட்டால் போய்விடும், என் புள்ளி வண்டி உருக்குலைகிற வரைக்கும் இருக்கும் என்று நானே பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் இந்த வண்டி. ஒரு கீறல் கிடையாது, ஒரு வழக்கு கிடையாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் யாரும் கத்தக்கூடாது அவருக்கு. கண்ணாடியில் பார்த்தே ஒரு சாண் இடைவெளியில் நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவர் நாலு மாதத்துக்கு முன்பு, பட்டப்பகலில், மரக்கடை வளைவில் இடதுபக்கம் திரும்பி வந்தபோது வண்டி நிமிரவில்லை. அப்படியே சாலையை விட்டு இறங்கி மரக்கடைச் சுற்றுச்சுவரில் போய் மோதியது. சுவரை ஒட்டி ஒரு கல் பெஞ்சு உண்டு. மரக்கடை ஆட்கள் பதினோரு மணிக்கு அதில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மோதியபோது மணி பத்து ஐம்பது. பெஞ்சு இரண்டாக உடைந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டியரிங் பிடித்துக்கொண்டது என்று மட்டும்தான் அத்தான் சொன்னார். கேட்ட ஒவ்வொருவரிடமும் அதே ஒரு வாக்கியம். நான்தான் போய் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன், எப்போதும் போலக் கனமாகத்தான் இருந்தது, எங்கும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னதோடு வாயை மூடியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. டீக்கடையில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, எங்கள் அத்தான் தினமும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுவார், அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டார் என்று ஒரு போடு போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் லாரி ஸ்டாண்டில் அவருக்குக் 'கனவு' என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அக்கா கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தூக்கத்துக்கென்றே இருக்கிற டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்து, தூங்க வேண்டிய நேரத்தில் ஒழுங்காகத் தூங்குகிறார் என்று எழுதிக் கொடுத்தார். அத்தான் இப்போது சரக்குக் கிடங்கு வாசலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குகிற வேலை பார்க்கிறார். சாயங்காலம் அக்கா ஸ்கூட்டரை ஓட்ட, ஆறடி மனிதர் பின்னால் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வருவார். அந்தக் காட்சியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், பிறகு என்னவோ போல இருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். சுவரில் மோதிய வேகத்தில் டிராக் லிங்க், அதாவது ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற நீளக் கம்பி, கொஞ்சம் வளைந்திருந்தது. ஸ்டியரிங் கோணலானதும் அவ்வளவு ஆடியதும் அதனால்தான். முறையாகச் செய்வதென்றால் அந்தக் கம்பியை மாற்ற வேண்டும். ஆனால் நேராகத் தெரிந்தால் போதும் என்று அக்காவே சொல்லிவிட்டாள். சுற்றிலும் பல் வெட்டிய தண்டிலிருந்து ஸ்டியரிங்கை உருவி, நாலு பல் தள்ளி மாட்டினால் முடிந்தது. சக்கரமும் நேர், ஸ்டியரிங்கும் நேர். ஹார்ன் பட்டனை நெம்பி எடுத்தேன். நடு நட்டைத் தளர்த்தினேன். இழுத்து உருவுகிற புல்லரைப் போட்டு இரண்டு சுற்று முறுக்கியதும் ஸ்டியரிங் டொக்கென்று கையோடு வந்தது. புள்ளி குத்துவதற்காகச் சென்டர் பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

புள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. தண்டின் முனையில் மூன்று, ஸ்டியரிங்கின் கழுத்தில் மூன்று. கிரீஸைத் துடைத்தபோது ஊசியால் குத்தியது போலத் தெளிவாக இருந்தன. உருவிய ஸ்டியரிங்கை அது இருந்த பல்லிலேயே திரும்பச் செருகிப் பார்த்தேன். புள்ளியும் புள்ளியும் பார்த்துக்கொள்ளவில்லை. நடுவில் சரியாக நாலு பல் இடைவெளி.

அப்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவு வந்தது. ஏழு வருடம் இருக்கும். டிராக் லிங்க் முனையில் இருக்கிற உருண்டை மூட்டை, அதாவது பால் ஜாயின்ட்டை, மாற்றினேன். மாற்றியதும் ஸ்டியரிங் கோணலாகிவிட்டது. கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அதை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தது. அறுத்து எடுக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். நானோ மொத்த ஸ்டாண்டும் கேட்கும்படி அரை மணி நேரத்தில் முடிக்கிறேன் என்று சவால் விட்டிருந்தேன். ஒரு வயதான டிரைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டியரிங்கை உருவி நாலு பல் தள்ளி மாட்டினேன். இருபத்தாறாவது நிமிடம் வண்டி வெளியே போனது, எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் மட்டும் ஏழு வருடமாக ஞாபகத்தில் இருந்தது. நாலு பல் மறந்துபோயிற்று.

சென்டர் பஞ்சை மேசையில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கை இருந்தபடியே மாட்டினேன். முன் அச்சுக்கு ஜாக்கி வைத்து இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கினேன். மோதிய அன்றைக்கு நான் செய்யாதது இதுதான். டயர் தரையில் இருக்கும்போது இந்தப் பழைய ஸ்டியரிங் எல்லா இடத்திலும் கனமாகத்தான் இருக்கும். எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று கைக்குத் தெரியாது. இப்போது ஒற்றை விரலால் இடது கோடியிலிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. தண்டில் இருக்கிற புள்ளிகள் உச்சிக்கு வந்த இடத்தில் சட்டென்று நின்றது. விரலை அழுத்தினேன், நகரவில்லை. உள்ளங்கையால் தள்ளியபோதுதான் ஒரு முனகலோடு தாண்டியது.

ஸ்டியரிங் பாக்ஸுக்குள் பல்லோடு பல் கடிக்கிற இடம் நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். வண்டி நேராக ஓடும்போது அந்த நடுவில்தான் நிற்க வேண்டும். நான் கம்பியைச் சரிசெய்யாமல் நாலு பல் தள்ளி மறைத்ததால் இந்த வண்டி ஏழு வருடமாகத் தளர்ந்த ஓரத்திலேயே ஓடியிருக்கிறது. அதனால் ஆட்டம். ஆட்டம் அதிகமாகிவிட்டது என்று அத்தான் கொண்டுவந்தபோது, அந்த ஓரத்தில் நிற்கவைத்தே பாக்ஸின் திருகை முறுக்கி இறுக்கிவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓரத்தில் ஆட்டம் குறைந்தது, உண்மையான நடு பாறை மாதிரி இறுகிவிட்டது. அதன்பிறகு இடது வளைவில் திரும்பிவிட்டு நிமிர வருகிற ஸ்டியரிங் அந்த நடுவைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் இறுக்கியதற்கும் அவர் சுவரில் மோதியதற்கும் நடுவில் சரியாக மூன்று வாரம்.

குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புத்தி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. இதைப் பார்த்தது நான் ஒருவன்தான். திருகைத் தளர்த்தி, கம்பியை மாற்றி, புள்ளியோடு புள்ளி சேர்த்து மாட்டினால் எல்லாம் நேராகிவிடும். நாலு மணிக்கு வண்டி கைமாறிவிடும். அப்புறம் ஒருநாள் ஆற அமர, பாக்ஸில் ஏதோ கோளாறு இருந்ததாம் என்று அத்தானிடம் பட்டும் படாமல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் அதை ஆறுதல் பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார். சரிசெய்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. அந்தப் பிடிப்பு இருக்கிறபோதே அவருடைய கை அதைத் தொட வேண்டும். ஸ்பானரைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன்.

அத்தான் கம்பத்தைத் தூக்கி ஒரு வண்டியை உள்ளே விட்டுவிட்டு, அது ரிவர்ஸ் எடுப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை தொடை மேல் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பட்டறைக்கு வரவேண்டும் என்றேன்.

"வண்டிதான் விக்கப்போறாங்களே. இன்னும் நான் எதுக்கு?"

"ஒரு தடவ தொட்டுப் பாக்கணும் அத்தான். ஒரு விரல் போதும்."

அவர் பைக்கில் ஏறிக்கொண்டார். வழி நெடுக என் முதுகுக்குப் பின்னால் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். பட்டறைக்கு வந்தும் டிரைவர் சீட்டில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். ஏற வேண்டாம், படியில் நின்றால் போதும் என்றேன். கதவைத் திறந்துவிட்டேன். படியில் நின்று, சுட்டுவிரலை ஸ்டியரிங்கில் கோத்து, இடது கோடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் நின்றது. விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி கோடிக்குக் கொண்டுபோய் இழுத்து வந்தார். மறுபடி நின்றது. ஏழெட்டு முறை செய்தார்.

"இதேதான் மாப்ள," என்றார்.

யார் வேலை என்று கேட்டார். என் வேலைதான், இரண்டு தடவையும் நான்தான் என்றேன். ஹார்ன் பட்டனை எடுத்துப் புள்ளிகளைக் காட்டினேன். கைக்கடிகாரம், கைதட்டல், திருகு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இன்னும் சொன்னால், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நான் தூங்கிட்டேன்னு நீ சொன்னப்ப, இவனுக்கு வண்டியப் பத்தித் தெரியாததா, அப்ப நாமதான் தூங்கிட்டோம்னு நானும் நம்பிட்டேன். நாலு மாசமா அந்த வளைவுல எந்த எடத்துல கண்ண மூடினேன்னு தேடிக்கிட்டிருக்கேன். அந்த பெஞ்சுல ஆள் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு தேடிக்கிட்டிருக்கேன்."

வெட்கத்தில் காது மடல் சுட்டது. உடனே சரிசெய்துவிடுகிறேன் என்று ஸ்பானரை எடுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்பப் பண்ணாத. உங்கக்கா வரட்டும்."

போன் போட்டதும் அக்கா வந்தாள். அவளையும் படியில் ஏற்றி, விரலால் இழுக்கச் சொன்னோம். ஒருமுறை இழுத்தாள், இரண்டாம் முறை இழுத்தாள், மூன்றாம் முறை நின்ற இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"ரெண்டு டாக்டர்டா," என்றாள். "தல முழுக்க ஒயர ஒட்டிப் படுக்க வச்சேன் இந்த மனுஷன."

கீழே இறங்கி அத்தானின் சட்டைக் காலரை, அது ஒழுங்காக இருந்தபோதும், இழுத்துச் சரிசெய்தாள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. நேராக டீக்கடைக்குப் போனேன். எங்கே நின்று அந்த ஜோக்கைச் சொன்னேனோ அதே இடத்தில் நின்று, கனவு கண்டது அத்தான் இல்லை, நான்தான் என்று சொன்னேன். நம்பாதவர்கள் பட்டறைக்கு வந்து தொட்டுப் பார்க்கலாம் என்றேன். நம்பியவர்களும் வந்துவிட்டார்கள்.

பதினான்கு டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் படியில் ஏறினார்கள், ஒரு விரலால் இழுத்தார்கள், பிடித்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கியதும் என் பக்கம் வராமல் அத்தானிடம் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்கள். அத்தானுக்கு அந்த மரியாதையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கைக்கடிகாரம் பிடித்த டிரைவர் கடைசியாக இறங்கினார். தன் வண்டியிலும் மூணு புள்ளி இருக்கிறதே, அதையும் ஜாக்கியில் தூக்கிப் பார்த்துவிடலாமா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். எல்லோருடையதையும் கொண்டுவாருங்கள், ஒன்று விடாமல் தூக்கிப் பார்க்கிறேன் என்றேன். பெயர் கெட்டதோ என்னவோ, அதைச் சொன்னபோது என் குரல் இறங்கவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினேன், இந்தமுறை யாரும் நேரம் பார்க்கவில்லை. பாக்ஸின் திருகைத் தளர்த்தினேன். அந்தத் துருப்பிடித்த கிளாம்ப் போல்டை அறுத்து எடுத்தேன். ஏழு வருடம் காத்திருந்து என்னிடம் வேலை வாங்கிக்கொண்டது. வளைந்த கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கைக் கோடியிலிருந்து கோடிவரை எண்ணினேன். நாலரைச் சுற்று. இரண்டேகாலில் நிறுத்தினால் நடு. தண்டின் புள்ளிகள் அங்கே சரியாக உச்சியில் நின்றன. ஸ்டியரிங்கை உருவி, புள்ளியும் புள்ளியும் பார்த்துக்கொள்ளும்படி மாட்டி நட்டை முறுக்கினேன். வேறு கம்பி போட்டு, சக்கரம் நேராக நிற்கும்வரை அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நான் கீழே அதைச் செய்கிறபோது மேலே ஸ்டியரிங் இம்மியும் அசையக்கூடாது. அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

குழிக்குள் இறங்கிக்கொண்டே, அத்தான், மேலே கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்காவின் செருப்பு தெரிந்தது, அத்தானின் செருப்பு தெரிந்தது. வெகுநேரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிறகு அத்தானின் செருப்பு படியேறிப் போயிற்று. டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் நாலு மாதத்துக்கப்புறம் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது. குழிக்குள் இருந்ததால் என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

கடைசியாகப் பாக்ஸை நடுவில் நிறுத்திவைத்துத் திருகை இறுக்கினேன். ஏழு வருடமாக அவ்வளவாக ஓட்டம் படாத நடுப் பற்கள் புதுசு மாதிரி கடித்தன. ஜாக்கியை இறக்கியபோது மணி மூன்றே முக்கால். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றேன். அத்தான் இறங்குவார், நான் ஓட்டவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கவில்லை. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். அக்கா சாவியை ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்தாள்.

முதல் தெருவில் வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போனது. இரண்டாவது தெருவில் கியர் மாற்றினார். ஸ்டியரிங் கம்பி ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் நேராகப் படுத்திருந்தது. அவர் கை மட்டும் பழைய ஆட்டத்தை எதிர்பார்த்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டு, வண்டி உடனே கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி வந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு கைக்கும் வண்டிக்கும் பேச்சு சரியாகிவிட்டது. நான் நேராகப் போகச் சொன்னேன். அவர் வலதுபக்கம் இண்டிகேட்டரைப் போட்டு மரக்கடைச் சாலைக்குள் திரும்பினார்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா. வாங்குகிறவர் வந்திருப்பார். அத்தான் ஒரு பார்வை பார்த்தார், நான் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்துபோனது. முன்னால் வளைவு வந்துகொண்டிருந்தது. சுவரில் இடிந்த இடத்தைப் புதுச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள், பூச்சு இன்னும் பூசவில்லை. அதன் கீழே ஒரு புதுப் பெஞ்சு. அதில் மூன்று பேர் டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் வண்டியை அடையாளம் கண்டுகொண்டு, தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் வேகத்தைக் குறைத்தார். இடதுபக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தார், வண்டி வளைவில் திரும்பியது, சுவர் என் ஜன்னலை உரசுவது போல நெருங்கி வந்தது. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அப்போது அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கைகளுக்கு நடுவில் ஸ்டியரிங் தானாக, எங்கும் நிற்காமல், திரும்பி வந்துகொண்டிருந்தது.